குதிரைக்கு வயிற்றுவலி: லாயத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு சின்ன லாயத்தில் மூன்று குதிரைகள் வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் பல வருடங்களாகக் கால்நடை டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்று வாளி பிடித்திருக்கிறேன், டார்ச் அடித்திருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களும், ரேஸில் ஓடி முடித்த குதிரையை ஆசையாக வாங்கியவர்களும் ராத்திரி நேரத்தில் போன் போட்டுக் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். முக்கால்வாசி கேள்விகள் வயிற்றைப் பற்றியவை.

கோலிக் என்பது என்ன நோய்?

அது ஒரு நோயின் பெயரே இல்லை. "வயிறு வலிக்கிறது" என்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ரேஸ் லாயத்து ஆட்கள் கோலிக் என்பார்கள். கடற்கரையில் "வயிறு கட்டிக்கிச்சு" என்பார்கள். பழைய தமிழில் சூலை. அப்பரை வாட்டியதாகச் சொல்லப்படும் அதே சூலைதான். குடலில் வாயு சேர்ந்தாலும் வலி, குடல் இழுத்துப் பிடித்தாலும் வலி, தீவனம் இறுகி அடைத்தாலும் வலி, மணல் சேர்ந்தாலும் வலி, குடலே முறுக்கிக்கொண்டாலும் வலி. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஆரம்பத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்று அரை மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும், இன்னொன்று விடிவதற்குள் உயிரை எடுத்துவிடும். குதிரை வைத்திருப்பவன் இதைப் பார்த்துப் பயப்படுவதற்குக் காரணம் இதுதான்.

மாட்டுக்கு இல்லாத பிரச்சினை குதிரைக்கு மட்டும் ஏன்?

மாட்டுக்கும் வயிறு உப்பும், அது வேறு கதை. குதிரையின் சிக்கல் அதன் குழாய் அமைப்பில் இருக்கிறது. முதலாவது, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் இருக்கும் தசை அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வந்தாக வேண்டும். இரைப்பை ரொம்பச் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். அப்புறம் 20 மீட்டருக்கு மேல் சிறுகுடல். அதன் பிறகு ஒரு பெரிய பை மாதிரியான குருட்டுக்குடல், அதைத் தாண்டி 3, 4 மீட்டர் நீளப் பெருங்குடல். அந்தப் பெருங்குடல் வயிற்றுக்குள் எங்கும் கட்டிப்போடப்படாமல் மடிந்து கிடக்கிறது. வாயு சேர்ந்தால் பலூன் மாதிரி மிதந்து இடம் மாறும்.

இதற்கு நடுவில், இடுப்புப் பக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அதுவரை அகலமாக வந்த குடல் அங்கே சட்டென்று குறுகும். அகலமான சாலையில் வந்த வண்டியெல்லாம் துரைசாமி சப்வேக்குள் நுழைவது போல நினைத்துக்கொள்ளுங்கள். அடைப்பு அதிகம் விழும் இடம் அதுதான்.

வலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உருண்டு புரண்டால்தான் வலி என்று நினைத்தால் பாதி நேரம் போய்விடும். முதலில் வருவது சத்தமில்லாத அடையாளங்கள். கொள்ளு வாளியைக் கேட்டதும் கனைக்கும் குதிரை அன்றைக்குத் திரும்பிப் பார்க்காது. நாலு வாய் தின்றுவிட்டு நிறுத்திவிடும். மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். மேல் உதட்டைச் சுருட்டும். தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்து அளைந்துகொண்டே இருக்கும், குடிக்காது. அடிக்கடி கொட்டாவி விடும். மூத்திரம் பெய்வது போலக் காலை நீட்டி நிற்கும், ஒன்றும் வராது. இதைப் பார்த்து "நீர்க்கடுப்பு" என்று முடிவு கட்டுபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் வலி குடலில்தான் இருக்கும்.

அடுத்த கட்டத்தில் திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும். முன்காலால் தரையைப் பறாண்டும். பின்காலால் வயிற்றை உதைக்கும். படுக்கும், எழுந்திருக்கும், மறுபடி படுக்கும். கடைசியாகத்தான் உருளுவது, வேர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது.

இன்னொரு சாட்சி லத்தி. நல்ல குதிரை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை லத்தி போடும். காலையில் லாயம் கூட்டும் சைஸிடம் (குதிரையைப் பராமரிக்கும் ஆள்) "எத்தனை குவியல்?" என்று கேட்கும் பழக்கம் வையுங்கள். நான் கேட்காத நாளில் என் சைஸே வந்து சொல்லிவிட்டுப் போவார். குறைவாக இருந்தால், சின்ன உருண்டையாகக் காய்ந்திருந்தால், மேலே சளி மாதிரி படிந்திருந்தால், வலி தொடங்கும் முன்பே உங்களுக்குத் தகவல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

என்னென்ன அளந்து பார்க்க வேண்டும்?

எல்லாவற்றையும் விட முக்கியம் நாடித் துடிப்பு. குதிரை வலியை மறைக்கும். சில குதிரைகள் சின்ன வலிக்கே ஊரைக் கூட்டும். துடிப்பு இரண்டையும் செய்யாது. மெடிக்கல் கடையில் சாதாரண ஸ்டெதாஸ்கோப் ஒன்று வாங்கி, இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஸ்டெதாஸ்கோப் இல்லையென்றால் கீழ்த்தாடை எலும்பின் ஓரத்தில் விரலை வைத்தால் கயிறு போல ஒரு ரத்தக்குழாய் உருளும், அதில் எண்ணலாம். ஓய்வில் நிற்கும் பெரிய குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44. 50ஐத் தொட்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். 60ஐத் தாண்டினால் நிலைமை மோசம். 80 என்றால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். செங்கல் நிறமோ ஊதாவோ பற்களை ஒட்டி ஒரு கருஞ்சிவப்புக் கோடோ தெரிந்தால் ரத்தத்தில் விஷம் ஏறுகிறது. மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. உடல் சூடு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டரில் ஒரு நூல் கட்டி வாலில் முடிந்துவிடுங்கள், ஏனென்று ஒரு தடவை தொலைத்தவர்களுக்குத் தெரியும்.

விலாவில் காதை வைத்துக் கேளுங்கள், இரண்டு பக்கமும், மேலேயும் கீழேயும். கடகடவென்று சத்தம் வருவது நல்லது. நிசப்தம்தான் பயம்.

இதையெல்லாம் நோய் வந்த அன்றைக்குக் கற்றுக்கொள்ள முடியாது. குதிரை நன்றாக இருக்கும்போது ஒரு வாரம் தினமும் அளந்து, அதன் சொந்தக் கணக்கை லாயக் கதவில் சாக்பீஸால் எழுதி வையுங்கள்.

டாக்டர் வரும்வரை நான் என்ன செய்யலாம்?

தீவனம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், கீழே விரித்திருக்கும் வைக்கோல் உட்பட. தண்ணீர் இருக்கட்டும். துடிப்பை நேரத்தோடு எழுதுங்கள், கூடவே எப்போது கடைசியாகத் தின்றது, எப்போது கடைசியாக லத்தி போட்டது என்பதையும். டாக்டரிடம் போனில் "வயித்த வலிக்குது சார்" என்று மட்டும் சொன்னால் அவர் உங்களைக் காலையில் வரச் சொல்லலாம். "8 மணிக்குத் துடிப்பு 44, 9 மணிக்கு 56, மதியத்திலிருந்து லத்தி இல்லை" என்று சொல்லிப் பாருங்கள், அவர் அப்போதே வண்டிச் சாவியைத் தேடுவார்.

மெதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடம் நடத்தலாம். வாயுத் தொல்லை சில சமயம் அதிலேயே கலையும். ஆனால் ராத்திரி முழுக்க நடத்தியே தீருவேன் என்று வலியில் இருக்கும் பிராணியைக் களைத்துப்போட வேண்டாம். அமைதியாகப் படுத்திருந்தால் படுக்க விடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது என்பதை இப்போதே தீர்மானித்துவிடுங்கள். குதிரை பார்க்கும் டாக்டர்கள் ஊரில் குறைவு. 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கி வேப்பேரிக்கு இடம் மாறிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. குதிரையை ஏற்ற எந்த வண்டிக்காரர் நடுராத்திரியில் வருவார் என்பதையும் விசாரித்து வையுங்கள். இது பலருக்கு ஞாபகமே வராது.

உருண்டால் குடல் முறுக்கிக்கொள்ளுமா?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது தலைகீழ்: குடல் முறுக்கியதால் வந்த வலியில்தான் குதிரை உருளுகிறது. நல்ல குதிரைகள் மணலில் தினமும் சந்தோஷமாக உருண்டு எழுகின்றன. ஆனால் வலியில் வெறி பிடித்த மாதிரி உருளும் குதிரை சுவரில் மோதிக்கொள்ளும், காலைச் சிக்கவைக்கும், பக்கத்தில் நிற்பவரை நசுக்கும். அதற்காகத்தான் எழுப்பி வெளியே கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் விட்டுவிட்டு நீங்கள் வெளியே வாருங்கள். 400 கிலோ உடம்போடு மல்லுக்கட்ட யாராலும் முடியாது.

ஓமம், பெருங்காயம், நல்லெண்ணெய் கொடுக்கலாமா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. மனிதனுக்கு ஓமத்தண்ணீர் இதமாக இருக்கிறது, குதிரைக்கும் இருக்கலாம் என்று தோன்றுவது இயல்புதான். ஓமத்தை விட அதைப் புகட்டும் விதத்தில்தான் ஆபத்து. தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ ஊற்றும்போது கொஞ்சம் நுரையீரலுக்குள் போகும். எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாமல் வழுக்கிப் போய்விடும். தெரிந்தவர் ஒருவரின் மட்டக்குதிரை வயிற்றுவலியிலிருந்து பிழைத்துவிட்டது. நல்லெண்ணெய் நுரையீரலில் இறங்கி ஐந்தாம் நாள் நிமோனியாவில் போனது. இரைப்பை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் மேலும் ஊற்றுவது அதை வெடிக்கவே வைக்கலாம், ஏனென்றால் வாந்தி என்ற வழி இல்லை.

சாராயம், சோடா, சோப்புத் தண்ணீர் எனிமா, இதற்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை. வேண்டாம்.

வலி ஊசி கையில் இருக்கிறது. போட்டுவிடட்டுமா?

டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள். என் முதல் பெண் குதிரையை நான் இழந்தது இப்படித்தான். ஒரு டிசம்பர் மாத மழை இரவு, ஏழு மணிக்குக் காலால் தரையைப் பறாண்ட ஆரம்பித்தாள். ரேஸ் லாயத்தில் வேலை பார்த்த ஒருவர் கொடுத்து வைத்திருந்த ஃப்ளுனிக்சின் ஊசி இருந்தது. போட்டேன். முக்கால் மணி நேரத்தில் அமைதியாகி நின்றாள். மழையில் எதற்கு டாக்டரை அலையவிடுவது என்று போய்ப் படுத்துவிட்டேன். நாலு மணிக்குச் சுவரில் உதைக்கும் சத்தம். துடிப்பு 92. ஈறு கத்தரிப்பூ நிறம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஊசி போட்ட பிறகு துடிப்பை எண்ணினீங்களா?"

எண்ணவில்லை. ஊசி வலியை மூடியதே தவிர, உள்ளே குடல் முறுக்கு அப்படியேதான் இருந்தது. ஃப்ளுனிக்சின் நல்ல மருந்துதான். டாக்டர்களே அதைத்தான் போடுகிறார்கள், சிரைக்குள், எடை பார்த்து. வலி குறைந்தும் துடிப்பு குறையாவிட்டால் உள்ளே பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரியும். தசையில் குத்தினால் சில சமயம் அந்த இடம் அழுகி அதுவே உயிருக்கு உலையாகும். முதல் ஊசி போதவில்லை என்று இரண்டாவதைப் போடுவது இன்னும் மோசம். போதவில்லை என்பதே உள்ளே ஏதோ பெரிதாக நடக்கிறது என்பதற்கான தகவல்.

அதே மாதிரி, வெகுநேரம் துடித்த குதிரை திடீரென்று சாந்தமாகி, வேர்வை மட்டும் சில்லென்று ஓடிக்கொண்டிருந்தால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். குடல் வெடித்தாலும் வலி அப்படி நிற்கும்.

டாக்டர் வந்தால் என்ன செய்வார்?

மூக்கு வழியாக இரைப்பைக்கு நீளமான ஒரு குழாய் விடுவார். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பல குதிரைகளைக் காப்பாற்றுவது இந்தக் குழாய்தான். வாந்தி எடுக்க முடியாத பிராணிக்கு நாம் வைக்கும் வாசல் அது. இரண்டு லிட்டருக்கு மேல் திரவம் திரும்பி வந்தால் சிறுகுடலில் தடை இருக்கலாம். அப்போது உள்ளே எதுவும் ஊற்ற மாட்டார். வராவிட்டால் அதே குழாயில் தண்ணீர், உப்புகள், திரவ பாரஃபின் போகும். மலக்குடல் வழியாகக் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். இதைப் பார்த்துவிட்டு நீங்கள் தனியாக முயற்சி செய்ய வேண்டாம், குடல் கிழிந்துவிடும். தேவைப்பட்டால் வயிற்றில் ஊசி குத்திக் கொஞ்சம் நீர் எடுப்பார். அது தெளிந்த மஞ்சளாக இருந்தால் நிம்மதி, ரத்தம் கலந்து கலங்கியிருந்தால் குடல் செத்துக்கொண்டிருக்கிறது.

சரியான நேரத்தில் கூப்பிட்டால் பெரும்பாலான குதிரைகள் மருந்திலும் நீரிலுமே தேறிவிடும். முறுக்கு, குடல் சிக்கிக்கொள்வது போன்றவைக்கு ஆபரேஷன் ஒன்றே வழி. மயக்க மருந்து, பெரிய மேசை, ஒரு குழு எல்லாம் வேண்டும், சில மணி நேரத்துக்குள் வேண்டும். உங்கள் குதிரைக்கு அது சாத்தியமா, எங்கே, எவ்வளவு செலவு என்று நல்ல நாளிலேயே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். சாத்தியமில்லை என்றால் கருணைக்கொலை பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். கசப்பான பேச்சுதான்.

கடற்கரைக் குதிரைக்கு மணல் சேரும் என்கிறார்களே?

சேரும். புல்லை மணலில் போட்டுத் தின்னவிட்டால் ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் மணல் உள்ளே போகும். அது கனமானது, பெருங்குடலின் அடியில் படியும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. இடையிடையே லேசான வலி, கழிச்சல், எடை குறைவு. ஒரு நாள் மொத்தமாக அடைக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. தரையில் படாத லத்தி உருண்டைகள் ஆறு எடுத்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு நன்றாகக் கரைத்துக் கால் மணி நேரம் வையுங்கள். அடியில் ஒரு டீஸ்பூனுக்கு மேல் மணல் நின்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நிற்காவிட்டால் மணலே இல்லை என்று நிச்சயமில்லை, அடியில் உட்கார்ந்தது வெளியே வராமலும் இருக்கும். டாக்டர்கள் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்செலும்புக்குப் பின்னால் அடிவயிற்றில் வைத்துக் கேட்பார்கள். மணல் இருந்தால் கேட்கும் சத்தம், சொன்னால் நம்பமாட்டீர்கள், அலை கரையில் மோதி இழுக்கும் சத்தம். மெரினா குதிரையின் வயிற்றில் மெரினாவே கேட்கிறது.

மணலை வெளியேற்ற இசப்கோல் உமியும் மெக்னீசியம் சல்ஃபேட்டும் குழாய் வழியாகக் கொடுப்பார்கள். தடுக்க, பழைய ரப்பர் டயரில் செய்த தொட்டியிலோ தடித்த பாயின் மேலோ புல் போடுங்கள், சிந்தியதைத் தின்ன விடாதீர்கள். பசியோடு மணலுக்கு இறக்காதீர்கள். சவாரிக்குப் போகும் முன் ஒரு கட்டுப் புல் தின்றிருக்கட்டும்.

சுண்டல், பஜ்ஜி, சோளத் தோகை, பிளாஸ்டிக் பையோடு ரொட்டி என்று பிள்ளைகள் ஆசையாக நீட்டுவார்கள். "தம்பி, அது திங்காதுப்பா" என்று சிரித்துக்கொண்டே தடுக்கும் சாமர்த்தியம் குதிரைக்காரருக்கு வேண்டும்.

என்ன தீவனம் போடுவது?

இந்தக் கரைக்கும் குதிரைக்கும் தீவனத்தில் பழைய பகை உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டில் கப்பல் கப்பலாக இறக்கிய குதிரைகள் ஏராளமாகச் செத்துப்போவதையும், அவற்றுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போடப்படுவதையும் சொல்லியிருக்கிறார். சோறும் கறியும் இப்போது யாரும் போடுவதில்லை. ஆனால் "ஓடுகிற குதிரை, கொள்ளு கூடப் போடு" என்பது அதே தப்பின் பேரன்.

அடிப்படை புல்தான். 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த கணக்கில் 6 முதல் 8 கிலோ நார்த்தீவனம் வேண்டும். பச்சைப் புல்லில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் அது 30 கிலோவுக்கு மேல் போகும். கொள்ளு, ஓட்ஸ், தவிடு எல்லாம் சேர்த்து ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் செரிக்காத மாவு பெருங்குடலுக்கு இறங்கிப் புளித்து வாயுவாகும். வேகவைத்த கொள்ளு சென்னை வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். காலையில் வைத்ததை மாலையில் போடாதீர்கள். வைக்கோல் மலிவு என்று அதையே முழுத் தீவனமாக்கினால் அடைப்பு வரும். கோ-4 மாதிரி கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட் அதிகம், அதோடு தவிடும் நிறையப் போட்டால் எலும்பில் சுண்ணாம்பு குறையும், கலந்து போடுங்கள். குதிரை மசால் என்று பெயரிலேயே குதிரை இருப்பதால் அதை மட்டும் போடுபவர்கள் உண்டு. நல்ல தீவனம்தான், துணைக்கு. அளவு மீறினால் சில குதிரைகளுக்குக் குடலில் கல் வளரும்.

அடுக்குமாடி வீடுகளில் புல்வெளி வெட்டிய குப்பையை "குதிரைக்குக் கொடுங்கள்" என்று மூட்டையாகத் தருவார்கள். வாங்காதீர்கள், மூட்டைக்குள்ளேயே கொதித்துப் புளித்திருக்கும். கோழித் தீவனம் லாயத்துக்குள்ளேயே வரக் கூடாது. அதில் சேர்க்கப்படும் மோனென்சின் குதிரையின் இதயத்தைக் கொல்லும்.

எதை மாற்றினாலும் பத்து முதல் பதினாலு நாள் எடுத்து, பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். புல் வியாபாரி மாறினால்கூட இது பொருந்தும்.

வெயிலிலும் மழையிலும் வேறு கவனம் தேவையா?

கத்திரி வெயிலில் வேலை செய்யும் குதிரைக்கு 40 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். தண்ணீர் வைத்திருக்கிறோம் என்பது போதாது, குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மொட்டை வெயிலில் நிற்கும் டிரம் தண்ணீர் சுடும். கடலோர போர்வெல் தண்ணீர் கரிக்கும். இரண்டையும் குதிரை முகர்ந்துவிட்டு விலகும். குடலுக்குத் தண்ணீர் குறைந்தால் தீவனம் இறுகும். நிழலில் வாளி வையுங்கள், தீவனத்தில் தினமும் கொஞ்சம் உப்புப் போடுங்கள். வேர்க்க வேண்டிய நேரத்தில் வேர்க்காத குதிரையை உடனே நிழலுக்குக் கொண்டுபோய் நீர் ஊற்றுங்கள். இந்தப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வேர்வையே நின்றுபோகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்கல் வேறு. நாள் கணக்கில் லாயத்திலேயே நிற்கும். வேலை இல்லை, தீவனம் மட்டும் அதே அளவு. தானியத்தைப் பாதியாக்கி, குடை பிடித்தாவது ஒரு நாளைக்கு இரண்டு தடவை நடத்துங்கள். பூஞ்சை பிடித்த புல்லைத் தூக்கிப் போட மனசு வராது. போடுங்கள்.

பூச்சி மருந்து, பல்?

பூச்சி மருந்தை மாதம் ஒன்று என்று கண்மூடிக் கொடுப்பதை விட, லத்தியில் முட்டை எண்ணிப் பார்த்துக் கொடுப்பது நல்லது. வயிறு நிறையப் பூச்சி இருக்கும் குட்டிக்கு டாக்டர் சொல்லாமல் கொடுத்தால் செத்த பூச்சியே குடலை அடைக்கும். பல்லை வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்து அராவ வேண்டும். மெல்லாமல் விழுங்கும் கிழக் குதிரையின் லத்தியில் முழுக் கொள்ளு தெரியும்.

வயிற்றுவலி மாதிரி இருந்து, வயிற்றுவலியாக இல்லாமல் போவது உண்டா?

உண்டு. தசை இறுகிக்கொண்டால் அசைய மறுத்து வேர்க்கும், மூத்திரம் காபி நிறத்தில் வரும். குளம்பு வீக்கம் வந்த குதிரை படுத்தே கிடக்கும். நிறைமாதக் குதிரை என்றால் பிரசவ வலியாகவும் இருக்கலாம். தெருநாய் நிறைந்த ஊரில் மறக்கக் கூடாத ஒன்று வெறிநோய். அது குதிரையில் சில சமயம் வயிற்றுவலி போலவே தொடங்கும். விழுங்கச் சிரமப்படுகிறது, எச்சில் ஒழுகுகிறது, நடத்தை மாறியிருக்கிறது என்றால் வாய்க்குள் கையை விடாதீர்கள், டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

தேறிவிட்டது. எப்போது தீவனம் போடலாம்?

டாக்டர் சொன்ன பிறகு. பொதுவாக லத்தி போட்டு, துடிப்பு பழைய கணக்குக்கு வந்து, பசியோடு பார்த்தால் ஒரு கைப்பிடி ஈரப் புல். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு பிடி. கொள்ளு இரண்டு மூன்று நாளைக்கு இல்லை. அன்றைக்கு ராத்திரி யாராவது லாயத்திலேயே படுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை துடிப்பை எண்ண வேண்டும். நான் இப்போதெல்லாம் கயிற்றுக் கட்டிலைக் கதவுக்கு வெளியே போட்டுக்கொள்கிறேன். இருட்டில் பொத்தென்று லத்தி விழும் சத்தம் கேட்டதும் எழுந்து கதவில் நேரத்தை எழுதிவிட்டு மறுபடி படுப்பேன்.